புகார் சொல்லாத முகங்கள்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. கடைத்தெருவில் யாரும் அதைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை. பூக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தி முகத்தில் ஓடுவதே தெரியாது, பூவால் தடவிவிட்ட மாதிரி இருக்கும் என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லப்போக, அந்தப் பெயர் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டது. அப்பா விட்டுப்போன சலூன் அது. இரண்டு நாற்காலி, எதிரே ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு மர பெஞ்சு. ஜன்னல் பக்கத்து நாற்காலி பூக்கையுடையது. உள்பக்கத்து நாற்காலி அவன் தம்பியுடையது.

தம்பியின் கை வேறு ரகம். அவனுக்கும் கடைத்தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: ரம்பம். அவனிடம் சவரம் செய்துகொண்டவர்கள் தாடையில் பஞ்சை ஒட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்குவார்கள். அதனால் பெஞ்சில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போதும் உள்பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். தம்பி துண்டை உதறி, வாங்க என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் போதும், பெஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்த நொடியில் செய்தித்தாளில் முக்கியமான விஷயம் கிடைத்துவிடும். ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். இன்னொருவர், அவசரமில்லை, அண்ணன் முடிக்கட்டும் என்பார். தம்பியின் முகம் சுருங்குவது பூக்கைக்குக் கண்ணாடியில் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி யாரையாவது அந்தப் பக்கம் அனுப்பியிருக்கலாம். அனுப்பியதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சுருக்கத்தைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சின்ன ருசி இருந்தது.

கடையின் ஷட்டர் பழையது. உள்ளே இருந்த ஸ்பிரிங் தளர்ந்துபோய், தூக்கிவிட்டால் சில நாள் நிற்கும், சில நாள் சறுக்கும். தம்பி பார்த்துக்கொள்வான் என்று அண்ணனும், அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று தம்பியும் விட்டிருந்தார்கள். ஒரு காலையில் பூக்கை ஷட்டரைத் தூக்கிவிட்டு, கீழே விழுந்த பூட்டை எடுக்கக் குனிந்தான். வலது கை வாசற்படியில் இருந்தபோது ஷட்டர் மொத்தமாக இறங்கியது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மிஞ்சியது. ஆள்காட்டி விரலும் மிஞ்சியது என்று சொல்லலாம், ஆனால் அது மடங்காது; யாரையோ சுட்டிக்காட்டுவதுபோல் எந்நேரமும் நீட்டிக்கொண்டே நிற்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதும், அவன் மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடி சொன்னாள்:

"பூமிய யாருங்க கேட்டா? ஒரு நாற்காலிய விட்டு வச்சா போதும்."

நாற்காலியைத் தம்பி விட்டு வைக்கவில்லை. கட்டுப் பிரித்துக் கடைக்கு வந்த அன்று ஜன்னல் பக்கத்து நாற்காலியருகே தம்பி நின்று வேலை செய்துகொண்டிருந்தான். வெளிச்சம் இங்கேதான் நன்றாக வருகிறது என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் பூக்கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பிறகு, வேறு கதி இல்லாமல், ஒவ்வொருவராக எழுந்துபோய் ரம்பத்திடம் கழுத்தைக் கொடுத்தார்கள்.

தொடக்கத்தில் தம்பி நன்றாகத்தான் நடந்துகொண்டான். சும்மா உட்கார் அண்ணே என்றான். பிறகு, சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அந்தத் துண்டுகளை மடிக்கலாமே என்றான். அதற்கப்புறம் முடி பெருக்குவது வந்தது. வாடிக்கையாளரின் பிடரிக்குப் பின்னால் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவது வந்தது. தம்பி விரலைச் சொடுக்கினால் பூக்கை கண்ணாடியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். பல வருஷமாகக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவன், ஒவ்வொரு சொடுக்கிலும் ஒரு பழைய பாக்கியை வசூலித்துக்கொண்டிருந்தான். பூக்கைக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் வலித்தது.

ஒருநாள் கடை நிறைந்திருந்த நேரத்தில் அவன் வாய்விட்டுக் கேட்டான், இடது கையால் பழகிப் பார்க்கட்டுமா என்று. தம்பி திரும்பிப் பெஞ்சைப் பார்த்தான். யாராவது அண்ணனுக்குத் தாடை கொடுக்கிறீர்களா என்று கேட்டான். செய்தித்தாள்கள் உயர்ந்தன.

"முதல்ல உன் மூஞ்சிய நீயே வழிச்சுக் காட்டு அண்ணே. நல்லா வந்தா, நானே வந்து உன்கிட்ட உக்காருறேன்," என்றான் தம்பி.

பூக்கை நாற்காலியில் உட்கார்ந்தான். சோப்பு போட்டான். கத்தியை இடது கையில் எடுத்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது, கை மட்டுமல்ல, தன் உடம்பு முழுவதுமே வலதுகைக்காரனாக வளர்ந்திருக்கிறது என்று. தோள் தப்பான பக்கம் திரும்பியது. கண்ணாடிக்குள் இருந்தவன் கத்தியை எங்கேயோ கொண்டுபோனான். கன்னத்தில் ஒன்று, தாடை எலும்பில் ஒன்று, மேலுதட்டில் நீளமாக ஒன்று. நுரை இளஞ்சிவப்பானது. பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். ஒருவர் சிரித்ததும் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. தம்பி படிகாரக் கட்டியை நனைத்து, அண்ணனின் தாடையைப் பிடித்து, ஒவ்வொரு வெட்டிலும் அழுத்தித் தேய்த்தான். தேவைக்கு மேல் தேய்த்தான். பிறகு துண்டை உருவி உதறி, அடுத்தவரை வரச் சொன்னான்.

பூக்கை அன்றே கடையை விட்டு இறங்கினான். மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

மனைவி ஏற்கெனவே ஒரு சட்டைக் கம்பெனியில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். நாள் முழுக்க மெஷினில் குனிந்துவிட்டு அவள் வீடு திரும்பும்போது, அவன் அவள் முன்னால் ஒரு பை பலூனைக் கொண்டுவந்து வைத்தான். சவரம் பழகுகிறவர்கள் பலூனில் நுரை தடவி வழித்துத்தான் தொடங்குவார்கள். அழுத்தம் கூடினால் வெடித்துவிடும். ஒற்றைக் கையால் அவனுக்கு முடிச்சுப் போட வராது. ஆகவே அவள் ஊதினாள், முடிச்சுப் போட்டாள், அவன் வழித்தான். பலூன் வெடித்து இரண்டு பேர் முகத்திலும் நுரை தெறித்தது. ஊதிக் கொடுத்தே என் மூச்சு போய்விடும், அப்புறம் சமைக்க வேறு ஆள் பாருங்கள் என்று அவள் திட்டினாள். திட்டிக்கொண்டே அடுத்ததை ஊதினாள்.

அந்தக் காலம்தான் அவர்கள் இருவருக்கும் நன்றாக இருந்த காலம் என்று பின்னாளில் நினைக்கும்படி இருந்தது. அவன் பகலெல்லாம் இடது கைக்கு வேலை வைத்தான். சாப்பிடுவது, பட்டன் போடுவது, பூட்டைத் திறப்பது. கத்தியில் மாட்டுவதற்காகப் பிளேடை அதன் காகிதத்துக்குள் வைத்தே இரண்டாக ஒடிப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான்: வலது கட்டைவிரலால் மேசை விளிம்பில் அமுக்கிக்கொண்டு இடது கையால் மடக்குவது. கத்தரிக்கோல் அதைவிடப் படுத்தியது. வலதுகைக்காரர்களுக்குச் செய்த கத்தரிக்கோல் இடது கையில் முடியை வெட்டாது, மடக்கித் தள்ளும். கட்டைவிரலை உள்பக்கம் இழுத்தால்தான் அலகுகள் ஒன்றையொன்று கடிக்கும். அந்த ஒரு இழுப்பு கைவர அவனுக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. கடைசியில் பலூன்கள் வெடிப்பதை நிறுத்தின.

ஆனால் பலூனுக்குத் தொண்டை இல்லை. குழி விழுந்த கன்னம் இல்லை. முள்முள்ளான தாடி இல்லை. அவனுக்கு முகம் வேண்டியிருந்தது. தெரிந்தவர்களை எல்லாம் கேட்டான். மச்சான் தாடி வளர்ப்பதாகச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர் அவனைக் கண்டால் வேறு சந்து வழியாகப் போகத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்த்த ஒருவர் பழைய வாடிக்கையாளர். கூட வேலை செய்கிறவர்கள் அவரை ஐஸ் என்பார்கள். அவர்தான் ஒருநாள் வழியில் நிறுத்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே கிடப்பவர்களை வீட்டாரிடம் கொடுக்கும் முன்னால் முகத்தைச் சுத்தம் செய்ய ஆள் தேவைப்படுகிறது என்றார்.

"எங்கிட்ட இருக்கிறவங்க யாரும் புகார் சொன்னதில்லப்பா. ஆனா ஒண்ணு, நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் தாடைப் பக்கம் வந்துடாத," என்றார்.

முதல் நாள் பூக்கை வெளியே வந்து சாக்கடையோரம் வாந்தியெடுத்தான். பிறகு மறுபடி உள்ளே போனான். குளிர்ந்த தோல் மெழுகுபோல் இருந்தது. நுரை நிற்காமல் வழிந்தது. வெட்டினால் ரத்தம் வராது. வெறும் கோடு ஒன்று திறக்கும், அப்படியே திறந்து கிடக்கும். ஆறாது, ஒளியாது. அதனால் தவறு எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தது. தோலை இழுத்துப் பிடிக்க அவனுடைய மொட்டை வலது கை உதவும் என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவன் கோட்டின் மேல் கோடு வைத்தான். காலையில் எழுந்ததும் பிணவறைக்குப் போவது அவனுக்கு வேலைக்குப் போவது மாதிரி ஆகிவிட்டது.

ஒரு தடவை, அப்பாவின் உடலை வாங்க வந்த மகன், அவர் தாடையில் இரண்டு திறந்த கோடுகளைப் பார்த்துவிட்டான். யார் செய்தது என்று கேட்டான். பூக்கை கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். மகன் அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து அழுதான். பூக்கை வழிக்காமல் விட்டிருந்த மறு கன்னத்தில் சோப்புப் போட்டு, அதை முடித்தான். அந்தக் கன்னம் சுத்தமாக வந்தது. அறை வாங்கிய வலியைவிட அந்தச் சந்தோஷம்தான் அன்று முழுக்க அவனோடு இருந்தது. தன்னிடம் ஏதோ மாறிக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

செத்தவர்களிடம் கற்க ஒரு எல்லை இருந்தது. அவர்கள் அசைய மாட்டார்கள். உயிருள்ள முகம் மூச்சு விடும், எச்சில் விழுங்கும், கத்தி தொடுவதற்கு முன்பே சிலிர்க்கும். அது வேண்டுமென்றால் உயிருள்ளவர்கள்தான் வேண்டும். ஊருக்கு வெளியே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. அங்கே போய்த் தான் இலவசமாகச் சவரம் செய்வதாகச் சொன்னான். இல்லத்து வார்டன் அம்மா அவன் வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"செய்ங்க. ஆனா பேசத் தெரிஞ்சவங்க பக்கம் போகாதீங்க. பார்க்க வர்றவங்ககிட்ட அவங்க ஏதாவது சொல்லி வச்சா எனக்குத் தலைவலி," என்றாள்.

அப்படித்தான் அவன் டிரைவரிடம் வந்து சேர்ந்தான்.

டிரைவர் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் உடம்பில் ஒரு பாதியை அடித்துப்போட்டு, போகும்போது பேச்சையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மூக்கில் குழாய். அசைகிற கை ஒன்று மிச்சமிருந்தது. அது குழாயைப் பிடுங்கிவிடுகிறது என்று துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கண் மட்டும் முழுசாக வேலை செய்தது. பூக்கை அந்த முகத்தைக் குனிந்து பார்த்ததும், நிலம் வாங்க வந்தவன் மண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஒரு கன்னம் தொங்கியது, மறு கன்னம் இறுகியிருந்தது. தொண்டைமுடிச்சு கூழாங்கல் மாதிரி துருத்தியது. மேலுதட்டைக் குழாய் மறித்தது. தாடி கம்பிகம்பியாக இருந்தது. இந்த முகத்தைக் கற்றுவிட்டால் இனி எந்த முகமும் பயமில்லை என்று அவன் மனசு சொன்னது.

முதல் நாள் நிறைய வெட்டினான். டிரைவரின் கண்ணில் நீர் கோத்து, காதுப் பக்கமாக வழிந்தது. பூக்கை துண்டால் கண்ணையும் ரத்தத்தையும் ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தான். மன்னிச்சுக்கோங்க ஐயா என்று சொன்னான். முதல் வாரம் முழுக்கச் சொன்னான். அப்புறம் சொல்வது குறைந்தது. கை மேல் கவனம் வைத்தால் வாய் ஓடாது.

அவன் தினமும் போனான். தாடி தினமும் அவ்வளவு வளராது. நேற்று வழித்த முகத்தையே இன்றும் வழித்தான். தோல் சிவந்து, பொரிந்து, அதன் மேலேயே கத்தி போனது. பொரிந்த தோலில் வழிப்பதும் பழக வேண்டியதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டதுமே டிரைவரின் கட்டிய கை கம்பியை இழுக்கத் தொடங்கும். அதுவும் அவனுக்குப் பயன்பட்டது. கத்தி தொடுவதற்கு முன்னால் ஒரு மனிதன் எப்படிச் சிலிர்க்கிறான், எந்தத் தசை முதலில் ஓடுகிறது, எச்சில் விழுங்கப்போவதை எந்த நரம்பு முன்கூட்டிச் சொல்கிறது, எல்லாவற்றையும் அந்தப் பயத்திலிருந்துதான் அவன் படித்தான். பொறுமைசாலி என்று பின்னாளில் ஊர் அவனைச் சொன்னது. அந்தக் கட்டிலில் பொறுத்துக்கொண்டிருந்தவர் இன்னொருவர்.

மின்சாரம் நின்று சட்டைக் கம்பெனிக்குப் பாதி நாளில் விடுமுறை விட்டபோது, மனைவி அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு இல்லத்துக்கு வந்தாள். வார்டு வாசலில் நின்றாள். அவன் முதுகு அவள் பக்கம் இருந்தது. டிரைவரின் கண்கள் அவளை நேராகப் பார்த்தன. எவ்வளவு நேரம் நின்றாளோ, சாப்பாட்டை வார்டன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அவன் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அந்த ஆளு அழுதுக்கிட்டிருந்தாருங்க."

"கண்ணுல சோப்பு பட்டிருக்கும்."

"சோப்புக்கு அழுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவனுக்குக் கோபம் வந்தது. "வேற யார் எனக்கு முகம் தர்றா? நீ தருவியா? உன் அண்ணன் தருவானா? ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சப்ப, அவங்க யாருக்காவது கண்ணுல சோப்பு பட்டுச்சா?"

அவள் அவன் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கழுவப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. திட்டிக்கொண்டே பலூன் ஊதியவள், இப்போது எதற்கும் திட்டுவதில்லை. வீடு அமைதியாக இருந்தது. அவன் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டான்.

வெயில் காலம் தொடங்கும்போது ஒருநாள், டிரைவரின் முகம் ஒரு கீறலும் இல்லாமல் முடிந்தது. காதோரம், தொண்டைமுடிச்சு, குழாயைச் சுற்றி மேலுதடு, எல்லாம். பூக்கை நம்ப முடியாமல் விரலால் தடவிப் பார்த்தான். சின்னக் கண்ணாடியை எடுத்து டிரைவருக்குக் காட்டினான். டிரைவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பூக்கை கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தன் இடது கையை அதில் பார்த்தான். வெளியே வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த அறிமுகமில்லாத ஒருவரிடம், கை வந்துவிட்டது என்று சொன்னான். ஏதோ பஸ் வந்ததாக நினைத்து அவர், எந்த ஊரிலிருந்து என்று கேட்டார்.

அந்த வாரத்திலேயே டிரைவரின் மகள் வந்தாள். தூர தேசத்தில் வேலை, அபூர்வமாகத்தான் வருவாள். அப்பாவின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக இருந்த மெல்லிய வடுக்களைத் தொட்டுப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாரம்மா, இவர் பாவம் பொறுமையாகச் செய்கிறார் என்று வார்டன் அம்மா பூக்கையைக் காட்டினாள். மகள் அவன் மொட்டைக் கையைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"உங்களுக்கே இப்படி இருக்கு, நீங்க எங்கப்பாவப் பார்த்துக்கிறீங்க. விட்டுடாதீங்க," என்றாள்.

டிரைவர் மகளைப் பார்த்தார். பிறகு பூக்கையைப் பார்த்தார். பிறகு மறுபடி மகளைப் பார்த்தார். கண் இமைக்காமல், விரிந்து, ஏதோ சொல்லத் துடித்தது. அப்பாவுக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கிறது போல என்று மகள் சொன்னாள். விட மாட்டேன் என்று பூக்கை தலையசைத்தான்.

விட்டுவிட்டான். அவனுக்கு நல்ல நேரம் வந்துவிட்டது. தம்பியின் கடைக்கு எதிர்ச்சாரியில் இஸ்திரி போடுகிறவர் தன் கடையின் முன்பாதியை அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி. ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. எதிரே பெஞ்சில் இருந்தவர்கள் அவனை வேடிக்கை பார்த்தார்கள். அவன் தினமும் நாற்காலியைத் துடைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றான். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனசு இளகவில்லை, இறுகியது.

முதலில் வந்தவர் வெளியூர்க்காரர். ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகிற அவசரம், எதிர்க்கடையில் கூட்டம். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கவனித்தார்.

"நீங்க இடதுகைக்காரரா?"

"இப்போ ஆமா," என்றான் பூக்கை.

பெஞ்சில் இருந்தவர்கள் அந்தக் கன்னத்தைப் பார்த்தார்கள். பஞ்சு இல்லை, கீறல் இல்லை. மறுநாள் அந்தப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து தெருவைக் கடந்தார். அதற்கப்புறம் கடப்பது வழக்கமாகிவிட்டது. வருஷம் திரும்புவதற்குள் இஸ்திரிக்காரர் பின்பாதியையும் காலி செய்து கொடுத்துவிட்டு வேறிடம் போனார். ஊரில் யாருக்காவது மனம் தளர்ந்தால், பூக்கையைப் போய்ப் பார் என்று சொல்கிற அளவுக்கு அவன் பேர் வளர்ந்தது. தேர்வில் தோற்ற மகளை ஒரு அப்பா கடைவாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்து, மூன்று விரல் போயும் இவர் விடவில்லை பார் என்று காட்டினார். பூக்கை வேலையை நிறுத்தாமல் புன்னகைத்தான்.

தம்பி ஒரு மத்தியான வேளையில் எதிர்க்கடையை மூடிவிட்டுத் தெருவைக் கடந்து வந்தான். உள்ளே பெஞ்சு நிறைந்திருந்தது. வாசலில் நின்று, அண்ணே, ரெண்டாவது நாற்காலி போடுவியா என்று கேட்டான். பூக்கை ஒருவரின் தொண்டையில் கத்தி வைத்திருந்தான். அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"பெருக்க ஆள் வேணும்."

தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். அவன் துடைப்பத்தை எடுத்தான். பூக்கை சொடுக்கினால் கண்ணாடியைப் பிடித்தான். பெஞ்சில் இருந்தவர்கள், முன்பு சிரித்த அதே ஆட்கள், இப்போதும் சிரித்தார்கள். வீட்டில் மனைவி ஒருமுறை, தம்பிக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள் என்றாள். பார்க்கலாம் என்றான் அவன். பார்க்கவில்லை. ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்ட மறுநாள் தம்பி வரவில்லை. குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அது நடந்து சில நாள் பூக்கைக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கடை நடந்தது, கை நடந்தது. ஒரு விடுமுறை நாளில் பெட்டியில் புது பிளேடும் நல்ல சோப்பும் எடுத்து வைத்துக்கொண்டு, டிரைவருக்கு ஒரு தரம் ஒழுங்காக வழித்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொன்னான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ தெரிந்தது. போயிட்டு வாங்க என்றாள்.

இல்லத்தில் வராந்தா அப்படியே இருந்தது. டிரைவர் இன்னும் மெலிந்திருந்தார். வெள்ளைத் தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. பூக்கை கட்டிலை எட்டுவதற்கு முன்பே, கட்டிய கை கம்பியை இழுக்கத் தொடங்கியது. கட்டிலே ஆடியது.

"ஐயா, பயப்படாதீங்க. இப்போ கை நல்லா வந்திருக்கு. ஒரு கீறல் விழாது," என்றான் பூக்கை. அவன் குரல் அவனுக்கே கெஞ்சலாகக் கேட்டது.

பிரஷ்ஷை நனைத்து மெதுவாகக் கன்னத்தில் வைத்தான். டிரைவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை காலத்தில் அவன் அந்த மனிதரின் குரலை அன்றுதான் கேட்டான். இடுப்புக்குக் கீழே விரிப்பு ஈரமாகி, கட்டிலின் ஓரமாகச் சொட்டியது. பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வார்டன் அம்மா ஓடிவந்து அவன் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கினாள்.

"நீங்க வராம இருந்த நாள்லதான் இவர் தூங்கவே ஆரம்பிச்சாரு. இனிமே வராதீங்க," என்றாள். அவள் அவனைக் குற்றம் சொல்லவில்லை; சொல்ல அவளுக்கும் வாயில்லை. விரிப்பை மாற்ற ஆள் கூப்பிடப் போய்விட்டாள்.

பூக்கை துண்டை எடுத்து, தாடியில் ஒட்டியிருந்த நுரையைத் துடைக்கக் குனிந்தான். டிரைவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தார். கழுத்து அவ்வளவு தூரம் திரும்பவில்லை. துண்டைத் தலையணையின் மேலேயே வைத்துவிட்டு அவன் வெளியே வந்தான்.

வீட்டில் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா?"

"ம்."

"வழிச்சு விட்டீங்களா?"

"இல்ல. தாடி நிறைய வளர்ந்துடுச்சு."

அவன் பெட்டியைத் திறந்து, பிரிக்காத பிளேடை எடுத்து மறுநாள் கடைக்கு வேண்டியவற்றோடு வைத்தான்.